என் நுரையீரலின் கொழுப்புப் படம்

என் வலது நுரையீரலின் மேல்பாகம் இப்போது என்னிடம் இல்லை. வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், உறைபெட்டிக்குள், நம்பர் ஒட்டிய ஒரு சின்ன டப்பாவில் அதில் கொஞ்சம் இருக்கிறது. இருபத்தாறு வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவன் நான். இப்போது நான் திருச்செங்கோட்டில் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், என் சதை வெளியூர் போயிருக்கிறது. டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதமாகிறது. இருமல் இல்லை, இரத்தம் இல்லை, ஆறு கிலோ எடை ஏறியிருக்கிறது. காசநோய் வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் வாயைத் திறப்பதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் வந்த வினையையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ரிக் வண்டி மேல்தான் விழவேண்டும். நான் அதில் டிரில்லர், அதாவது லீவரைப் பிடித்து ஓட்டுகிறவன். ஒரு ராடு இருபதடி. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் காற்றோடு மேலே வரும் கல்தூளில் ஒரு பிடி எடுத்துத் தரையில் வரிசையாக வைப்போம். தூளின் நிறத்தைப் பார்த்தால் கீழே என்ன கல் என்று தெரிந்துவிடும். நோட்டிலும் எழுதுவோம்: எத்தனையாவது ராடு, எத்தனை மணி, என்ன நிறம், எத்தனை மணிக்கு ஈரம் கண்டது. நேரம் எழுதாத நோட்டை எங்கள் முதலாளி மூஞ்சியிலேயே விட்டெறிவார். இந்தப் பழக்கம்தான் பின்னால் ஆஸ்பத்திரியில் என்னை முட்டாளாக்கியது.

கல்தூள் தின்றவன் இருமாமல் இருக்க முடியுமா? ரிக்கில் எல்லோருக்கும் இருமல் உண்டு. தூசு இருமல் என்று அதற்குப் பெயர் வைத்து, ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். வடக்கே மழை பிடித்துவிட்டால் வண்டிகள் நின்றுவிடும், ஆடியில் ஊருக்கு வருவோம். போன ஆடியில் நான் பன்னிரண்டு நாள் வீட்டில் இருந்தேன். என் மகள் கவிதா பரமத்தி வேலூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் பிறந்து பதினோரு மாதமான பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தைக்கு என்னை அதற்கு முன்பு தெரியாது. முதல் நாள் என் மீசையைப் பார்த்து வீறிட்டு அழுதது. மூன்றாம் நாளிலிருந்து என் நெஞ்சின் மேல் படுத்தால்தான் தூங்கும். நான் இருமினால் அது நெஞ்சோடு சேர்ந்து குலுங்கும், கண்ணைத் திறக்காமல் மறுபடி தூங்கிப்போகும்.

பன்னிரண்டு நாள் கழித்து நான் சத்தீஸ்கர் போனேன். புரட்டாசி கடைசியில் ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வாயிலிருந்து இரத்தம் வந்தது. ஈறு என்று நினைத்தேன். மறுநாள் இருமினேன், கையளவு வந்தது. மேனேஜர் என்னை ரயிலேற்றிவிட்டார். யாரும் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று இரண்டு நாளும் கதவோரமாகவே நின்றும் உட்கார்ந்தும் வந்து சேர்ந்தேன்.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன். ஸ்கேன் எடுக்க ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து மூச்சைப் பிடி, விடு என்று ஸ்பீக்கரில் சொல்வார்கள். எனக்கு மூச்சைப் பிடித்தால் இருமல் வந்துவிடும். நான்கு முறை எடுத்தார்கள். வெளியே நீளமான ஹாலில் நூறு பேர் காத்திருந்தார்கள். நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று அங்கே பார்த்தவுடனே சொல்லிவிடலாம். துணைக்கு வந்தவர் கையில் ஃபைல் இருக்கும். என் ஃபைல் என் கையிலேயே இருந்தது. அதனால் நர்ஸ் என்னிடமே வந்து, "பேஷண்டு எங்கீங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் என் வயதுக்காரர், நிதானமானவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். "காசநோய்க் கிருமி உள்ள போனா ஒடம்பு சும்மா இருக்காதுங்க. அதச் சுத்திச் செவுரு கட்டிரும். கட்டின செவுத்துக்குள்ள சதை செத்து, கெட்டித் தயிராட்டம் ஆயிரும். செவுரு நிக்கற வரைக்கும் கிருமி உள்ளயே கெடக்கும், ஒருத்தருக்கும் பரவாது. செவுரு ஒடஞ்சு மூச்சுக்குழாய்க்கு வழி கெடச்சுதுன்னா இருமல்ல வெளிய வந்துரும். உங்களுக்கு மேல்பாகத்துல ஒடஞ்சு ஓட்டையே விழுந்துருச்சு."

பக்கத்தில் ஒரு இரத்தக்குழாய் இருக்கிறது, அதிலிருந்துதான் இரத்தம் வருகிறது என்றார். மாத்திரை ஆரம்பித்தார்கள். வீட்டில் எல்லோரையும் பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். என் மனைவி சரசு வந்து எக்ஸ்ரே எடுத்தாள், ஒன்றுமில்லை. ஆடியில் யாரெல்லாம் கூட இருந்தார்கள் என்று கேட்டபோது சரசுதான் பேத்தியைப் பற்றிச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகையில் குழந்தைக்குக் காய்ச்சல் நிற்கவில்லை, எடை ஏறவில்லை என்று நாமக்கல்லில் காட்டினார்கள். குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது. அதனால் விடிந்ததும் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்களாம். மூன்று பேர் பிடித்துக்கொண்டார்களாம். காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மருந்து.

சரசு மகளுக்கு உதவியாகப் பரமத்தி வேலூர் போய்விட்டாள். போகும்போது ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"நான் போகோணுமுங்க. அவ ஒருத்தியாச் சமாளிக்க மாட்டா. கொடிக்கால்ல வெத்தலக் கிள்ளற வேல வேற நடக்குது."

"போ. நான் என்ன சின்னக் கொழந்தையா?"

"கவிதாவுக்குப் போன் போடாதீங்க. அவ இப்பப் பேசற நெலமைல இல்ல."

"என்ன சொல்றா?"

சரசு அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவந்த தூக்கை மேசையில் வைத்துவிட்டு, "ஆறறதுக்குள்ள உண்ணுங்க" என்றாள். அவள் பஸ்ஸுக்குப் போன பின்னால் திறந்து பார்த்தேன். நெய் ஊற்றி, எனக்குப் பிடித்த மாதிரி மேலே வரமிளகாய் கிள்ளிப் போட்டிருந்தாள். உண்ண முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது ஆள், தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு நாட்கள் மிக நீளமாகிவிட்டன. இரத்தம் நின்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள், வெறிச்சோடிக் கிடக்கும் வீட்டில் நான் மட்டும் ஒரு வாரம் இருப்பேன், மறுபடி இரத்தம் வரும், மறுபடி சேருவேன். சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். பக்கத்துக் கட்டில்களுக்குப் பழம் வரும், பேச்சு வரும், குடும்பச் சண்டைகூட வரும். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குகிற மாதிரி இருப்பேன். முழித்திருந்தால், "உங்களுக்கு ஆரும் வரலீங்களா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வடநாட்டில் பாறைக்காட்டில் மாதக்கணக்காகக் கிடந்தபோதெல்லாம் இப்படித் தோன்றியதில்லை. அங்கே தனியாக இருந்தது பிழைப்புக்காக. இங்கே என்னைத் தனியாக விட்டிருந்தார்கள்.

படுத்துக்கொண்டு நான் ஒரே விஷயத்தை அரைத்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு என்னிடமிருந்துதான் வந்ததா?

டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். செவுரு நிற்கும்வரை ஒருத்தருக்கும் பரவாது. சரி, எனக்கு இரத்தம் வந்தது புரட்டாசியில். அப்படியென்றால் செவுரு உடைந்தது புரட்டாசியில். ஆடியில் செவுரு நின்றிருந்தால் நான் குற்றவாளி இல்லை. அப்புறம் யார்? சம்பந்தி இருக்கிறார், பீடி குடிக்கிறார், கொடிக்காலில் நின்று இருமினால் ரோட்டுக்குக் கேட்கும். அவர் சளி கொடுத்துச் சோதித்து ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஒரு தடவை பார்த்தால் போதுமா, மறுபடி பார்க்கச் சொல் என்று சரசுவிடம் போனில் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கே கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

மார்கழி முடியும்போது சளியில் கிருமி இல்லை என்று ஆனது, இரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஒரு தம்ளர் அளவு ஒரே தடவையில் வந்தபின் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்து பேசினாலே விஷயம் பெரியது. வலது நுரையீரலில் மூன்று பாகம், அதில் மேல்பாகத்தை வெட்டி எடுத்துவிடலாம், மீதியை வைத்துக்கொண்டு நன்றாகவே வாழலாம் என்றார். எனக்குப் பயமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். முகமூடிக்கு மேல் கண்ணாடி.

"ஐயா, உங்ககிட்டப் பத்து நிமிசம் பேசலாங்களா?"

அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் பேச அனுமதி கேட்ட முதல் ஆள் அவள்தான். பெயர் நிவேதா. எடப்பாடிப் பெண், வீட்டில் விசைத்தறி. காசநோய் பிடித்த சதையை ஆராய்ச்சி செய்து பட்டத்துக்குப் படிக்கிறாளாம்.

"உங்களுக்கு வெட்டி எடுக்கற பாகத்துல டாக்டருங்க சோதனைக்கு எடுத்ததுபோக மீதியக் கொஞ்சம் எங்களுக்குத் தருவீங்களா? நோய் புடிச்ச எடத்துல எந்தெந்தக் கொழுப்பு எங்கெங்க இருக்குதுன்னு நாங்க படம் எடுப்போங்க."

"எனக்கா கொழுப்பு? நாற்பத்து மூணு கிலோ இருக்கறேன் அம்மிணி. நக்கல் பண்றயா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் தோல் மாதிரி இருப்பதே கொழுப்புத்தானாம். கிருமியை விழுங்க வருகிற செல்கள் அதைக் கொல்ல முடியாமல் போனால், தாங்களே கொழுப்பை ரொப்பிக்கொண்டு வீங்கிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் சோப்பு நுரை மாதிரி தெரிவதால் அதற்கு நுரை செல் என்று பெயர். கிருமி அந்தக் கொழுப்பைத் தின்றுகொண்டே வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும். மருந்துக்கும் சட்டென்று அசையாது.

"தின்னுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்குதா. எங்க மேனேஜர் மாதிரி," என்றேன்.

"எந்தக் கொழுப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா, பின்னால மருந்து செய்யறவங்களுக்கு ஒதவுமுங்க."

"அத எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

"சதைய ஒறைய வெச்சு, முடிய விட மெலிசாச் சீவிக் கண்ணாடியில வெப்போம். கிருமி சாகற மாதிரி மொதல்லயே பண்ணிருவோம், பயமில்ல. அதுமேல ஒரு மருந்தத் தெளிச்சு, புள்ளி புள்ளியா லேசர் அடிப்போங்க. அந்தப் புள்ளியில இருக்கறது கெளம்பி ஒரு குழாய்க்குள்ள பறக்கும். லேசானது வேகமாப் போய்ச் சேரும், கனமானது மெதுவா. எவ்வளவு நேரத்துல வந்துச்சுன்னு மெசின் பாத்துக்கும். நேரத்த வெச்சு எடை, எடைய வெச்சு இன்ன கொழுப்புன்னு தெரிஞ்சுக்கலாம். ஆயிரக்கணக்கான புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நெறம் குடுத்தாப் படம் வந்துரும்."

"அட, இது போர் போடறதேதான்! எடத்துக்கு எடம் எறங்கி, தூளெடுத்து, என்ன கல்லுன்னு பாத்து..."

"ஆமாங்கய்யா! அதேதான்."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "நேரத்தையும் எழுதிக்குமா?"

"நேரந்தாங்க முக்கியமே. அதுல தப்பினா எல்லாமே தப்பாயிரும்."

என் மனதில் என்ன ஓடியது என்று இதைப் படிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் தொழிலில் ஒரு துளை என்றால் அதற்கு ஒரு நோட்டு. எந்த ஆழத்தில் எத்தனை மணிக்கு ஈரம் கண்டது என்று அதில் இருக்கும். இந்த மெசினும் ஓட்டைக்குள் இறங்கி, செவுரு எப்போது உடைந்தது என்று எழுதிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன். ஆடியா புரட்டாசியா என்று அது சொல்லும். அந்தக் காகிதத்தைக் கவிதா முன்னால் வைப்பேன். இது உங்கள் வைத்தியத்துக்கு உதவாது, ரிப்போர்ட்டாக ஒன்றும் வராது, வேண்டாம் என்றால் தாராளமாகச் சொல்லலாம் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். "படத்த மட்டும் எனக்கு ஒருக்காக் காட்டோணும்" என்று கேட்டேன். எங்கள் சாரைக் கேட்டுவிட்டுக் காட்டுகிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் சரசுவுக்குப் போன் செய்தேன். "என்னோட சதைல கொழுப்பு எங்க இருக்குதுன்னு மெசின் வெச்சுப் பாக்கறாங்களாமா."

"அதுக்கு எதுக்குங்க மெசினு? என்னையக் கேட்டாச் சொல்ல மாட்டனா?" என்றாள். முப்பது வருடத்தில் அவள் அடித்த நல்ல அடி அதுதான். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. "ஆபரேசன் அன்னிக்கு வாரேன்" என்று சொல்லி வைத்தாள்.

சொன்னபடி வந்தாள். கையெழுத்துப் போட்டாள், மூன்று நாள் இருந்தாள், நான் கண்ணைத் திறந்தபோது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வேலூருக்கே போய்விட்டாள்.

ஆபரேஷனுக்குப் பின்னால் வலது விலாவுக்கு நடுவே ஒரு குழாய் இருக்கும். அதன் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் இருக்கும். நுரையீரலிலிருந்து காற்று கசிகிறவரை தண்ணீரில் குமிழி வரும், நின்றால் குழாயை எடுப்பார்கள். ஒன்பது நாள் நான் குமிழியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். உறிஞ்சினால் பந்து மேலே ஏறவேண்டும். முதல் நாள் ஒரு பந்து கூட அசையவில்லை. எண்ணூறு அடிக்குக் கல்லை உடைத்தவனுக்கு ஒரு பிளாஸ்டிக் பந்தைத் தூக்க முடியவில்லை. வலி என்றால் சாதாரண வலி இல்லை, இருமினால் உயிர் போய்விட்டு வரும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக் கொடுத்தாள் ஒரு நர்ஸ். தலையணையை அணைத்தபோதெல்லாம் என் நெஞ்சில் படுத்திருந்த குழந்தையின் கனம்தான் நினைவுக்கு வந்தது. அதை யாரிடம் சொல்ல?

பங்குனியில் மறுபரிசோதனைக்குப் போனேன். நிவேதா வராந்தாவில் லேப்டாப்போடு காத்திருந்தாள். அவர்கள் சாரிடம் அனுமதி வாங்கிவிட்டாளாம். ஒரு காலி அறையில் உட்காரவைத்துத் திரையைத் திறந்தாள்.

அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். நடுவில் ஆழ்ந்த நீலம். அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். அதற்கு வெளியே பச்சை. நீலம் செத்த பாகம், அங்கே தேங்கிக் கிடப்பது ஒரு வகைக் கொழுப்பு. மஞ்சள் வளையம் நுரை செல்கள், அது வேறு வகை. பச்சை நல்ல சதை. விரலை வைத்து வைத்துச் சொன்னாள். என் உடம்பு, எனக்கே தெரியாமல், உள்ளே இவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறது.

"இங்க ஏன் மஞ்ச இல்ல?"

வளையத்தின் இடது ஓரத்தில் ஓர் இடம் விட்டுப்போயிருந்தது.

"அங்க செவுரு இல்லீங்க ஐயா. அந்தப் பக்கந்தான் மூச்சுக்குழாய்."

அதுதான் வாசல். அதன் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. "எப்ப ஒடஞ்சுது?" என்று கேட்டேன்.

"எதுங்க?"

"அந்தச் செவுரு. நேரம் எழுதிக்கும்னு சொன்னயே. ஆடிலயா, புரட்டாசிலயா? பாத்துச் சொல்லு அம்மிணி."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகமே மாறிவிட்டது. "ஐயா, அது லேசர் அடிச்சதுக்கப்பறம் பறக்கற நேரமுங்க. ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. எப்ப ஒடஞ்சுதுன்னு இதுல தெரியாது. எந்த மெசின்லயும் தேதி தெரியாதுங்க. நான் ஒழுங்காச் சொல்லியிருக்கோணும். மன்னிச்சுக்கங்க."

"உன்ற தப்பு இல்ல சாமி" என்றேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை நான் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. டாக்டரிடம் சொல்லவில்லை, சரசுவிடம் சொல்லவில்லை. ஆடிக்கு முன்பே, ஆனியில், சத்தீஸ்கரில் கேம்ப் பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் எனக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். டி.பி. மாதிரி இருக்கிறது, சளி டெஸ்ட் செய்யாமல் ஊருக்குப் போகாதே, வீட்டில் குழந்தை இருந்தால் கிட்டே போகாதே என்று இந்தியில் தெளிவாகச் சொன்னார். எனக்கு இந்தி நன்றாகவே தெரியும். சீட்டை மடித்து டூல் பாக்ஸில் ஸ்பானர்களுக்கு அடியில் போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். பேத்தியைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை. டி.பி. என்றால் முதலாளி வண்டியிலிருந்து இறக்கிவிடுவார் என்ற பயம். வந்து, குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டேன். இருமல் அப்போதே பழுத்த சளியோடு இருந்தது. செவுரு எப்போது உடைந்தது என்று மெசினுக்குத்தான் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நாலு மாதம் சம்பந்தியின் பீடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் திருச்செங்கோடு பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறவில்லை. ஒரு பழக்கடை ஓரத்தில் நின்று கவிதாவுக்குப் போன் போட்டேன். எடுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"கவிதா, அப்பன் பேசறேன். வெச்சுறாத சாமி. ஒண்ணே ஒண்ணு சொல்லோணும். பாப்பாவுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு. ஆடிக்கு முன்னாலயே எனக்கு டாக்டர் சொல்லிட்டாரு. கொழந்தகிட்டப் போகாதேன்னும் சொன்னாரு. தெரிஞ்சுதான் வந்தேன். உங்க மாமனார் மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பஸ்காரர்கள் ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றேன். திட்டுவாள், அழுவாள், வைத்துவிடுவாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றேன். அவள் அழுதாள். வெகுநேரம் அழுதாள். நடுவில் ஒரு தடவை, "எப்பிடீங்கப்பா மனசு வந்துச்சு?" என்றாள்.

பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. குரலே மாறி, களைத்துப்போய்ப் பேசினாள்.

"நாலு மாசமாத் தெனம் காத்தால சண்டைங்கப்பா. மருந்தக் கரைச்சுக் கிட்டப் போனாலே வாய மூடிக்கறா. முழுங்கினா அரைமணி நேரத்துல சுருண்டு படுத்துக்கறா. வலிக்குதா, வயித்தப் பெரட்டுதா, ஒண்ணும் தெரியறதில்ல. அவளுக்குச் சொல்லத் தெரியல. நீங்களும் அதே மருந்துதான தின்னீங்க. உங்களுக்கு எப்பிடி இருந்துச்சு? சொல்லுங்க."

அக்கம்பக்கம் பார்க்காமல் கடையோரத்துச் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன்.

"தின்னு கொஞ்ச நேரத்துல வாயில செம்பு நக்கினாப்ல ஒரு ருசி வரும் சாமி," என்று ஆரம்பித்தேன்.